சுமைகூலி முக்கால் பணம்

பல் மருத்துவர் இறந்த மறு மாதம்
அவர் மகள் எழுநூறு யூரோவுக்கு
என் தலையில் கட்டினாள்.
சிட்ரோவன். எண்பத்தைந்தாம் வருஷத்து பிஎக்ஸ்.
பழைய பல்லின் நிறம்.
லூகோவில் அந்தப் பணத்துக்கு
உருப்படியான கேக் அடுப்புகூடக் கிடைக்காது.

காலையில் வயிறு தரையைத் தொடப் படுத்திருக்கும்.
சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடாது.
முதலில் ஒரு பெருமூச்சு.
பிறகு, பசு எழுவதுபோலப் பின்பக்கம்.
அப்புறம் யோசித்து
முன்பக்கம்.
சிவப்பு விளக்கு அணையும்வரை
கண்ணாடியைப் பார்த்துப் புருவத்து மாவைத் துடைத்துக்கொள்வேன்.

என் மச்சான் பெர்முயிடம் ஜெர்மன் கார்.
அது எழுந்திருப்பதே இல்லை,
எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறது.
பாவம்.

மழைக்கு ஒற்றைக் கை வைப்பர்.
வேகம் காட்ட முள் கிடையாது,
எடை பார்க்கும் எந்திரம்போல எண்கள் உருளும்.
எழுபது கிலோ, எண்பது கிலோ என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன்.
இடப்பக்க ஜன்னல் இறங்கும், ஏறாது.
வலப்பக்கத்தது ஏறியே இருக்கிறது,
இறங்குமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆனால் கருங்கல் பாவிய தெருவில்,
செஸ்ட்நட் மரங்கள் வேர் நீட்டிய மலைப்பாதையில்,
மூன்றடுக்குக் கல்யாண கேக்கைப் பின்னால் ஏற்றி
ஓட்டிப் பாருங்கள்.
கிரீமில் ஒரு சுருக்கம் விழாது.
பெர்முயின் காரில் ஒருமுறை கொண்டுபோனேன்,
போய்ச் சேர்ந்தபோது மணமகன் பொம்மை
மணமகளின் காலடியில் கிடந்தான்.

உஷியாவின் கல்யாணத்தன்றுதான் அது நடந்தது.
கேக்கை இறக்கிவிட்டேன்.
கோயில் வாசலில், படிக்கு நேராக,
உள்ளே எங்கோ ஒரு குழாய் விட்டுக்கொடுத்தது.
பச்சை எண்ணெய் கல்லிடுக்குகளில் ஓட
எழுதிய வரிசைக்கு நேர்மாறாக,
அவசரமில்லாமல், வெட்கமில்லாமல்,
என் வண்டி மண்டியிட்டது.
பாதிரியார் சிரிப்பை அடக்கச் சிலுவைக்குறி போட்டார்.
மணமக்களின் கார் பின்னால் மாட்டிக்கொண்டது.
எட்டுப் பேர் தள்ளினார்கள்.
படுத்த பசுவை எட்டுப் பேர் தள்ளினால் என்ன ஆகுமோ
அதுதான் ஆனது.
ஆல்பத்தின் எல்லாப் படத்திலும் உஷியாவுக்குப் பின்னால்
அந்தப் பல் நிறக் கூரை.

மெக்கானிக் சிப்ரான் கையில் ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினான்.
சுண்டுவிரல் நீளம். விலை நாற்பது சென்ட்.
அதைத் தொட ஆறு மணி நேரம்
பாதி எஞ்சினைக் கழற்றினானாம்.
சுண்டைக்காய் கால் பணம்.
மீதியை நானே சொல்லிக்கொண்டு
பணத்தை எண்ணி வைத்தேன்.
"இதை வரைந்தவன் ஒரு நாளாவது
ஸ்பானர் பிடித்திருப்பானா?" என்றான்.
திட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.
முழங்கை வரை பச்சை.
பிறகு சாவியைத் திருப்பி, இரண்டடி தள்ளி நின்று,
அது எழுவதைக் கைகட்டிப் பார்த்தான்.
இன்னொரு தடவை அணைத்தான்.
இன்னொரு தடவை திருப்பினான்.
அந்த இரண்டாவதற்குக் கூலி கேட்கவில்லை.

இப்போது உஷியாவின் தங்கைக்குக் கல்யாணம்.
நான்கடுக்கு, பாதாம்.
ஒரே நிபந்தனை:
கேக் உள்ளே வரட்டும்,
வண்டி ஊர் எல்லையிலேயே நிற்கட்டும்.
சரி என்றேன்.
முன்பணத்தை வாங்கி
புதிய நைட்ரஜன் உருண்டை இரண்டு வாங்கிவிட்டேன்.
அடுப்பின் கதவை இன்னும் கம்பியால்தான் கட்டியிருக்கிறேன்.

வீடு திரும்புகிறேன்.
மலை இறக்கத்தில் யாரோ தரையை
எனக்கு முன்னால் இழுத்து நீவிவிடுவதுபோல் இருக்கிறது.
பின்னால் ஒரு லாரி. ஹாரன் இல்லை, முந்தவும் இல்லை.
என்ன மரியாதை என்று வியந்துகொண்டே வந்தேன்.
மூன்று ஊர் தாண்டிய பிறகுதான்
அந்த டிக் டிக் காதில் விழுந்தது.
இந்த வண்டியில் இண்டிகேட்டர் தானாக அணையாது.
அந்தப் புண்ணியவான் இன்னமும்
நான் இடப்பக்கம் திரும்புவேன் என்று
நம்பிக்கொண்டு வருகிறான்.