ஓர் அங்குலத்துக்கு நானூறு காலடி

கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
ஒன்பதாவது கொண்டை ஊசியில்
வழக்கம்போல் காது அடைத்துக்கொண்டது.
மடியில் சார்ட் பேப்பர் சுருள்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
கல்யாண பேனரா டீச்சர்?
ஊர், என்றேன். இன்னும் வரையவில்லை.

நாகலூருக்கு மேலே எங்கள் பள்ளி.
ஆறாம் வகுப்பில் பத்தொன்பது பேர்.
உங்கள் ஊரில் ஓடும் ஆறு எது?
பத்தொன்பது பேரும் காவிரி என்று எழுதினார்கள்.
பத்தொன்பதுக்கும் சரி போட்டவள் நான்,
சிவப்பு மையில், ஜூலை மாதம்,
ஜன்னலுக்கு வெளியே
நான் பெயர் கேட்டிராத ஓர் ஓடை
சத்தம் போட்டுக்கொண்டிருக்க.

அந்த நோட்டுகளைத்தான்
ஒரு சனிக்கிழமை மேசையில் பரப்பினோம்.
தலைமையாசிரியர் ஞானசௌந்தரி,
கணக்குக்குக் குழந்தைவேலு, நான்.
அஸ்தம்பட்டி, ஓமலூர், கன்னங்குறிச்சி.
நாலரை பஸ்ஸில் இறங்கிப் போகிறவர்கள்.
இந்த ஊரின் ஓர் இரவுகூட
மூவருக்கும் தெரியாது.

வரைவது என்று முடிவானதும்
குழந்தைவேலு டேப் கொண்டுவந்தார்.
சரிவில் டேப் பொய் சொன்னது.
சரி, காலடி. யாருடைய காலடி?
அவருக்கு ஆறடி உயரம்.
வகுப்பிலேயே குள்ளம் சர்விகா.
என் காலை வைங்க சார், என்றாள்,
நான் நடந்துட்டா எல்லாரும் நடந்துடலாம்.

அப்படித்தான் வந்தது அந்த அளவு.
சர்விகாவின் நானூறு அடி
ஓர் அங்குலம்.

பன்னி படுத்த பள்ளம்.
காட்டெருமை வந்தா ஏறுற கல்.
டவர் கிடைக்கிற பாறை
(மூணு பேர் உட்காரலாம், நாலாவது ஆள் நிற்கணும்).
நீலக் கோடு தண்ணீர்.
நீலப் புள்ளிகள், மாசி வரைக்கும் தண்ணீர்.
ஓடைக்கு இரண்டு பெயர் கிடைத்தது,
மேல்வீட்டுக்காரர்கள் ஒன்று, கீழ்வீட்டுக்காரர்கள் ஒன்று.
யோகசந்துருவும் மௌனிஷும்
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
இரண்டையும் எழுதினோம், ஆளுக்கொரு கரையில்.

பிறகு, தாளின் மேற்கு ஓரத்தில்
சிவப்பு ஸ்கெட்சில் ஒரு பலாமரம்.
கீழே சர்விகாவின் கையெழுத்து:
'108 இதுவரைக்கும் வராது.
என் தம்பி இங்கே பிறந்தான்.'

திங்கட்கிழமை அதிகாரி வருகிறார்.
ஞானசௌந்தரி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அழிக்கச் சொல்லப் போகிறார் என்று
சண்டைக்கு வாக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
அவங்கம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?

யாரும் கேட்கவில்லை.
அடுத்தவர் வலியைச் சுவரில் மாட்ட
எங்களுக்கு ஆணி மட்டும் ரெடியாக இருந்தது.

நாலு மணிக்குக் கிளம்பினோம்.
மிளகுக்கொடி தோளில் உரச,
காபிச் செடிகளுக்கு நடுவே
சர்விகா முன்னால், எண்ணிக்கொண்டே.
ஆயிரத்து நூற்று நாற்பதில் வீடு.
அவள் அம்மா பூங்காவனம்
ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
தாளை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மரமில்லீங்க, என்றார்.
இதுக்கு அடுத்த மரம்.
பாதி மழை இதுலயே நனைஞ்சுட்டோம்.

விரலால் இடத்தைக் காட்டினார்.
சர்விகா பழைய மரத்தை அடிக்காமல்
பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.

என் பேரை எழுதிக்கோங்க.
பையன் பேரு வேண்டாம்.
பெருசாகி அவன் சொல்றதுன்னா சொல்லட்டும்.
அதிகாரி வந்தா
வண்டி எங்க நின்னுச்சோ அங்கிருந்து
நடத்திக் கூட்டிட்டு வாங்க.

டீ வந்தது, நான்கு விதமான டம்ளர்களில்.
கீழே எங்கேயோ
நாலரை பஸ்ஸின் ஹாரன்,
வளைவுக்கு ஒன்றாக, தூரமாகிக்கொண்டே.
நான் சுருளைக் கட்டினேன்.
ஜூலை மாதத்துப் பத்தொன்பது சிவப்புக் குறிகள்
அப்போதுதான் ஞாபகம் வந்தன.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது.
செல்போன் வெளிச்சத்தில் குழந்தைவேலு
அந்த நீளக் கால்களை ஒடுக்கி
சின்னச் சின்னதாய் வைத்து நடந்தார்.
என்ன சார், காலில் வலியா?
இருங்க டீச்சர், என்றார்,
எண்ணிட்டிருக்கேன்.