நடுவில் ஒரு மயிரிழை

எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலிருந்து தெரிந்தது.
எல்கோய்பாரில், தேபா ஆற்றை ஒட்டிய கொட்டகையில்
அறுபது டன் கிரேனின் கண்ணாடிக் கூண்டு என் இருக்கை.
கீழே பேசுவது எதுவும் கேட்காது.
கை மேலே சுழன்றால் தூக்கு,
முஷ்டி என்றால் நில்,
சுண்டுவிரல் அசைந்தால்
ஒரு மூச்சளவு இறக்கு.

பிப்ரவரி மழையில் லேத் வந்தது.
நார்வேயிலிருந்து பில்பாவோ வரை கப்பல்,
அங்கிருந்து பதினோரு லாரி, துண்டு துண்டாக.
நீர்மின் டர்பைன்களுக்கு வளையம் கடைந்து கடைந்து
நாற்பத்தாறு வருடம் நின்ற இடத்திலேயே சுற்றியது.
கழுவினோம். முதலில் எண்ணெய்,
பிறகு சேறு, பிறகு இரும்புச் சுருள்,
பிறகு யாரோ போட்ட கால்பந்துப் பந்தயச் சீட்டு,
பன்னிரண்டில் ஏழு சரி.

மூன்றாம் காலோடு ஒட்டிக்கொண்டு
மத்தி மீன் டின்னிலிருந்து வெட்டிய தகடு ஒன்றும் வந்திருந்தது.
அதில் பாதி மீனும் கொஞ்சம் எழுத்தும்.
பையன்கள் சிரித்தார்கள்.
அர்ராத்தே துடைத்து அளந்தாள்:
கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
அறிக்கையில் எழுதினாள்,
"உங்கள் தரை மூன்றாம் காலடியில் அமுங்குகிறது.
உங்களில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது."
தகட்டையும் உறையில் போட்டு அனுப்பிவைத்தாள்.

ஏப்ரல் முழுக்க அவள் முதுகைத்தான் பார்த்தேன்.
எட்டு மீட்டர் விட்டமுள்ள மேசைக்கு மேலே
பாலம்போல் போகும் பத்து மீட்டர் விட்டம்,
அதன்மேல் குனிந்த முதுகு.
நீலம் பூசிய நேர்சட்டத்தை நான் இறக்குவேன்.
அவர்கள் தேய்ப்பார்கள். நான் தூக்குவேன்.
நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு.
மேட்டைச் சுரண்டு. மறுபடி நீலம்.
மறுபடி மேடு.
ஆற்றின்மேல் மழை ஆரம்பிக்கும்போது
முதல் நிமிடம் இப்படித்தான் இருக்கும், புள்ளி புள்ளியாய்.
ஒரு நாளைக்கு ஒரு முழம் போனால் அதிகம்.

கடைசி அளவு இரவு மூன்று மணிக்கு.
பகலில் தெற்குச் சுவர் சுட்டால்
இரும்பு அந்தப் பக்கம் முகம் திருப்புமாம்.
கதவைத் திறந்த பெனாட்டுக்கு
ஐந்து பேரிடமும் வசவு விழுந்தது.
வசவும் எனக்குக் கேட்கவில்லை,
வாய்கள் தெரிந்தன.

ஆலையின் சார்பில் சோதிக்க வந்த ஸ்வெர்ரே
தானே ஒரு தரம் அளந்தார்.
பேனாவை மூடினார்.
உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல வளைத்து,
ஆமை ஓடுபோல் அர்ராத்தேயிடம் காட்டினார்.
அந்தச் சைகைக்கு என்னிடம் வேலை எதுவும் இல்லை.
விட்டம் நடுவில் உயர்ந்திருக்கிறது என்று
பிறகுதான் சொன்னார்கள்.
அறுபது மைக்ரான். ஒரு மயிரிழை.

அர்ராத்தே வாதாடவில்லை.
அண்ணாந்து என்னைப் பார்த்து
கையை மேலே சுழற்றினாள்.

ஒன்பது டன் கடைசல் தலையைக் கொண்டுபோய்
விட்டத்தில் ஏற்றினேன்.
பூட்டினார்கள். நடுவுக்குத் தள்ளினார்கள்.
மறுபடி அளவு.
முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது.
ஸ்வெர்ரே கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்ததும்
பேனாவைத் தேடியதும் தெரிந்தது.

சாயந்திரம் மதுக்கடையில் அர்ராத்தே சொன்னாள்:
வெறும் விட்டம் நேராய் இருந்து யாருக்கு என்ன லாபம்,
அது வெறுமனே நிற்கவா போகிறது?
மெக்கானிக் ஒயெர் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு
என் பக்கம் திரும்பினான்.
உன் கிரேன் உத்தரத்துக்கும் அதே கூன்தான்,
போட்டபோதே போட்டது, தெரியாதா?

பத்தொன்பது வருடம். தெரியாது.

திங்கட்கிழமை வெறும் கொக்கியோடு
கொட்டகையைக் குறுக்கே கடந்தபோது
கவனித்துப் பார்த்தேன்.
நடு வரைக்கும் ஏற்றம். பிறகு இறக்கம்.
ஒரு சின்னக் குன்றைத் தாண்டியிருக்கிறேன்,
தினமும், உட்கார்ந்தபடியே.
கீழே யாரோ கையைச் சுழற்றினார்கள்.
நாற்பது டன் அடித்தளத்தைத் தூக்கினேன்.
குன்று போய்விட்டது.