நிறம்: இல்லை

மூன்று ஷிப்டு எனக்கு,
அதனால் மூன்று வெளிச்சம்.

ஆறு மணிக்கு சிப்காட் கேட்டில் கைநாட்டு வைக்க
ஐந்தேகாலுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிளை எடுக்கவேண்டும்.
கிளம்பும்போது இருட்டு,
ஓ.டி. தாண்டும்போது சாம்பல்.
வைகாசியென்றால் பச்சையாங்குப்பத்தில்
உப்பனாற்றுப் பக்கமிருந்து வெயில்
இடது கன்னத்தில் ஒன்று வைக்கும்.
இரண்டாம் ஷிப்டுக்கு உச்சிவெயிலில் போய்
பத்து மணிக்குமேல் திரும்புவேன்.
எதிரே சிதம்பரம் போகும் பஸ்கள்
ஒன்றாவது விளக்கைத் தாழ்த்தியதில்லை.
மூன்றாவது ஷிப்டைப் பற்றி என்ன சொல்ல.
பவர் மைனஸ் இரண்டேகால்.

ஜெய்லானி ஆப்டிகல்ஸில் இத்தனையும் ஒப்பித்தேன்.
எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு,
"அமலோற்பவம்மா, நீங்க கேக்கறது
கண்ணாடியா, நாலு ஜோடி கண்ணா?" என்றார்.

முதலில், வெயிலில் தானே கருத்து
நிழலில் தானே வெளுக்கும் ரகம்.
நாலாயிரத்து இருநூறு. சீட்டு எடுத்த மாதம்.
கருத்ததெல்லாம் சரியாகத்தான் கருத்தது.
லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில் இறங்கினேன்.
நான் உள்ளே வந்துவிட்டேன்,
கண்ணாடி இன்னும் வெளியே வெயிலில் நின்றது.
வெளுக்க அதற்கு அவகாசம் வேண்டுமாம்.
பள்ளம் காத்திருக்கவில்லை.
முன்சக்கரத்தில் இரண்டு கம்பி போயிற்று.

"மஞ்சள் போடுங்க மேடம், ராத்திரி பகலாயிடும்"
என்றார் பாய்லர் தணிகாசலம்.
பஸ் ஸ்டாண்டு எதிரே நூற்றைம்பது ரூபாய்,
பவர் கண்ணாடிமேல் கவ்வுகிற ரகம்.
உலகமே மஞ்சள் நீராட்டு.
தெருவிளக்கு, நாய், மூடிய மெடிக்கல் ஷாப் எல்லாம்
ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியதுபோல் இருந்தன.
சந்தோஷமாக இருந்தது, மறுக்கமாட்டேன்.
அந்தச் சந்தோஷத்தில்தான்
பாலத்தடியில் கறுப்பு லுங்கியோடு
வலைமூட்டை சுமந்து நடந்தவரின்
காலிடுக்கில் என் சக்கரம் போய் நின்றது.
அவர் திட்டவில்லை.
என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.
"கண்ணாடி போட்டுமா தெரியல?"

பளிச்சென்று இருப்பது வேறு
தெரிவது வேறு என்று
வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் எதுவும் போடாமல் வந்து பார்த்தேன்.
மழைவிட்ட ராத்திரி. ஓர் ஈசல்
தன் இறகைக் கழற்ற
என் வலது கண்ணைத் தேர்ந்தெடுத்தது.

லேபுக்குள் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல்
ஒரு பிப்பெட்டைத் தொடமுடியாது.
'கண் உங்கள் சொத்து' என்று போர்டே இருக்கிறது.
வெளியேறும்போது தட்டில் திருப்பி வைத்துவிடவேண்டும்.
சொத்து அதற்குப் பிறகு யாருடையதென்று
போர்டில் இல்லை.

மீண்டும் ஜெய்லானி.
"நிறமே வேணாம் பாய்.
விளிம்பு மட்டும் கன்னத்தை ஒட்டி வளையட்டும்,
பூச்சி நுழையக் கூடாது.
எதிர்விளக்கு சிதறாத பூச்சு ஒண்ணு போடுங்க."
"வெயிலுக்கு?"
"தொப்பி வெச்சுக்கறேன். மிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கறேன்."
எல்லாவற்றிலும் விலை குறைந்த லென்ஸை எடுக்க
ஏணி போட்டு ஏறினார். பில்லில் எழுதினார்:
நிறம்: இல்லை.

நேற்று பத்தரை மணி.
ஹை பீமில் ஒரு பஸ்.
சாலையோர வெள்ளைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு
அதைப் போகவிட்டேன்.
போன பிறகு கோடும் இல்லை, சாலையும் இல்லை,
கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது.
கருத்திருந்தது நான்.
எனக்கும் வெளுக்க அவகாசம் வேண்டும்போல.
இந்த ரகத்தை எந்தக் கடையில் திருப்பிக் கொடுக்க?

மிதிப்பதை நிறுத்தினேன்.
சைக்கிள் தன்பாட்டுக்கு உருண்டது.
இருட்டில், கொஞ்சம் முன்னால்,
யாரோ இருமினார்கள்.
மணியடித்தேன்.