மேற்குச் சரிவு

கிஷ்குன்ஷாக் மணல்மேட்டில்
முட்டிபோட்டு
அகேசியாக் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறாள்
எதெல்கா.
முள் கையுறையைத் துளைக்கிறது.

‘வனத்துறைச் சட்டை போட்டுக்கொண்டா
மரத்தைக் கொல்கிறாய்?’
வேலிக்கு அப்பால் தேனீக்காரன் பர்னபாஷ்.
அவன் தேன் முழுக்க இந்தப் பூதான்.

அவள் நிமிரவில்லை.
நிழல் விழுந்தால் மணல் ஆறிவிடும்.
ஆறிய மணலில் விரியன் வெயில் காயாது,
விரல் உயர ஊதாப்பூ
செப்டம்பரில் மண்ணைக் கீறி எழாது.

போன கோடையில் பதினொரு பாம்பு.
இந்தக் கோடையில் ஒன்பது,
அதிலும் ஒன்று
வெறும் சட்டை.

இரவு, தேநீரில்
அவனிடம் வாங்கிய தேன்.
ஒரு கரண்டி.
கொஞ்சம் யோசித்து
இன்னொன்று.

கையுறையைத் தைக்க வேண்டும்.
நாளைக்கு மேற்குச் சரிவு,
அவன் பெட்டிகளுக்கு
இன்னும் பக்கத்தில்.