பதினாறு லிட்டர்

காரைக்குடி திங்கட்சந்தையில்
கிடாய்க்குட்டி இரண்டை விற்ற பணம்
சூடு ஆறாமல் பூச்சிமருந்துக் கடைக்குள் போனது.
"பேட்டரி ஸ்பிரேயர்ணே, கையால அடிக்கவே வேணாம்,
ராத்திரி சார்ஜ் போட்டா
காலையில இருபது டேங்க் ஓடும்"
என்றான் கடைப்பையன்.
இவர் வாரைத் தோளில் மாட்டி
முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை திரும்பினார்.
கண்ணாடி தேடினார் என்று நினைக்கிறேன்.

புதுவயல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.
லக்கேஜ் கேட்ட கண்டக்டரிடம்
"பிள்ளை மாதிரி மடியிலதான இருக்கு" என்றார்.
சிரிக்காமல் அரை டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன்.
எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது?
சக்கரம் இல்லாத சாமான்
எதை ஏறி நசுக்கும்?
பூமயில் அதைப் பிழிந்து
சீனி போட்டுக் குடித்துவிட்டாள்.

முதல் டேங்க் வெறும் தண்ணீர்.
முருங்கைக்கு அடித்தார்.
பிள்ளைகள் அடியில் நின்று குதித்தார்கள்.
புகைபோல் இறங்கிய நீரில்
வெயில் ஒரு விநாடி ஏழாகப் பிரிந்தது.
நானும் முகத்தை நீட்டினேன்.
"இன்னைக்கு மட்டுந்தான்.
நாளையிலருந்து இதுகிட்ட ஒருத்தரும் வரப்படாது."

எங்கள் பேச்சில் அதற்கும்
மருந்து என்றுதான் பேர்.
பயிருக்கு அடிக்கலாம்.
கண்மாய் நிறையாத ஒரு வருஷம்
மேலத்தெரு ஆண்டியப்பன் கொல்லைக்குப் போய்...
அந்த வாக்கியத்தை
இந்த ஊரில் யாரும் முடிப்பதில்லை.
புட்டிகள் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.
சாவி என் தாலிக்கயிற்றில், ஊக்குகளோடு.

சம்பா தூர் கட்டிய சமயம்.
இலை சுருண்டு, வெள்ளைக் கோடு விழுந்து,
வரப்போரம் முழுக்க நோய் தெரிந்தது.
காற்று எழும்பும் முன்னே இறங்கினோம்.
பொத்தானைத் தட்டினார்.
வண்டு நுழைந்த காதுபோல் ஒரு ரீங்காரம்.
வலது கை குழலை வீசிப் போனது.
வாளியோடு வரப்பில் நின்ற நான்
அப்போதுதான் பார்த்தேன்
இடது கையை.
இருபத்திரண்டு வருஷம் நெம்பு பிடித்த கை,
பிடிக்க ஒன்றும் இல்லாமல்
மேலே, கீழே,
மேலே, கீழே,
காற்றை அடித்துக்கொண்டே போனது.

தூக்கத்திலும் அது அடிக்கும்.
என் விலாவுக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை.
சொன்னால் நின்றுவிடும், அல்லது
வெட்கப்பட்டுப் பாக்கெட்டுக்குள் போகும்.

ஏழாவது டேங்க்கில் ரீங்காரம் இளைத்தது.
குழல் முனையில் ஒரு சொட்டு தொங்கி
விழலாமா என்று யோசித்தது.
ராத்திரி மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாததை
கடைப்பையன் சொன்ன கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

அடுத்த வயலில் டக், டக் சத்தம் நின்றது.
கொழுந்தனார் சோலைமலை.
மடைத் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு
நாலு வருஷமாய்ப் பேச்சில்லை.
"மிஷினுல பங்கு போட்டுக்குவமா" என்று
ஆள் விட்டுக் கேட்டதற்கும் பதிலில்லை.
முதுகில் இருந்த நீலக் கைத்தெளிப்பானைக் கழற்றி
நடுவரப்பில் வைத்தார்.
வைத்துவிட்டு
வாய்க்காலில் கால் கழுவப் போனார்,
ரொம்ப நேரம் கழுவினார்.

இவர் அதை எடுத்து மாட்டினார்.
டக், டக்.
இடது கை தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று ராத்திரி விளக்கு சிவப்பிலிருந்து
பச்சைக்கு மாறும்வரை விழித்திருந்தேன்.
வாரில் இரண்டு துளை இறக்கிக் கட்டினேன்.
இவர் பார்த்தார்.
தோளைத் தடவிக்கொண்டு
"வேட்டித்துணிய ரெண்டா மடிச்சு மூக்குல கட்டிக்க" என்றார்.

விடியலில் பதினாறு லிட்டரும் என் முதுகில்.
முதல் அடி எடுத்ததும் இடுப்பு கோணியது,
இரண்டாவதில் நிமிர்ந்தது.
என் இடது கைக்குப் பழைய ஞாபகம் ஏதுமில்லை.
அது நழுவும் முகத்துணியை
இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தது.
வரப்பில் வாளியோடு நின்றவரிடம் கத்தினேன்,
"எத்தனையாவது டேங்க்கு, எண்ணுறீங்களா?"