பம்பாய் வெங்காயம்

கெய்சர் வீதியில் எல்லாவற்றையும்
மூன்றரையால் வகுத்தபடி நடக்கிறேன்.
குடை ஆயிரத்து இருநூறு. வகுத்தால் பரவாயில்லை.
செருப்பு மூவாயிரம். வகுத்தாலும் கடிக்கிறது.
இரண்டாம் குறுக்குத் தெருவா இது, மூன்றாமதா,
பிளாஸ்டிக் பூக்கள் தொங்கும் ஒரே மாதிரிக் கடைகள்.

முதுகுக்குப் பின்னால் "பார, பார" என்று ஒரு குரல்.
பாரம் என்கிறார் போல என்று நினைத்தேன்.
வழி என்று அர்த்தமாம்.
விலகுவதற்குள் கைவண்டி முழங்கையை உரசிப் போயிற்று.
நாட்டாமி என்கிறார்கள் அவரை.
எங்களுக்கு நாட்டாமை என்றால் சொம்பும் தீர்ப்பும்.
இவர் வண்டியில் பதினோரு சீனி மூட்டை,
வாயில் வெற்றிலை,
யாருக்கும் தீர்ப்புச் சொல்ல நேரமில்லை.

அப்போதுதான் அந்த அட்டையைப் பார்த்தேன்:
பம்பாய் வெங்காயம், கிலோ இருநூற்று எண்பது.
சிரிப்பு வந்துவிட்டது.
"நானும் பம்பாய்தான் அண்ணே. தாராவி."
கடைக்காரர் என்னைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார்.
"இது பாகிஸ்தான் சரக்கு, மகள்.
பேர் மட்டுந்தான்."
அரைக் கிலோ வாங்கினேன்.
அங்கே பள்ளியில் என்னை மதராஸி என்றார்கள்.
மதராஸை நான் ரயில் ஜன்னலில் ஒருமுறை பார்த்ததோடு சரி.

பிறகு வாளி. சிவப்பு, இருபது லிட்டர், எண்ணூற்றைம்பது.
நூறாம் இலக்க பஸ்ஸில் அதைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
கொள்ளுப்பிட்டியில் ஏறிய ஒருத்தி
கேட்காமலே தன் கைப்பையை அதில் வைத்தாள்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலை.
நடத்துனர் எனக்குத் தரவேண்டிய சில்லறையை.
பம்பலப்பிட்டியில் எல்லாரும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள்,
வெங்காயமும் சில்லறையும் மிஞ்சின.
யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளவத்தை விடுதி. மூன்றாம் மாடி, நாலு கட்டில்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்.
ரயில் போனால் மேசையில் கண்ணாடிக் குவளைகள்
ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும்.
குளிர்பெட்டியில் றிஸ்வியா ஒட்டிய சீட்டு:
இது என்ட தயிர், அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கான்.
காலையில் பாண். எங்கள் ஊர்ப் பாவுக்கு
அண்ணன் மாதிரி உயரம், அதே வயிறு.

வந்த புதிதில் சொன்னேன்,
"நேத்து அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன்."
தாட்சாயிணி புத்தகத்தை மூடினாள்.
"ஐயோ, அம்மாவை ஏன் பேசினனீர்? பாவமெல்லோ."
இங்கே பேசுவது என்றால் திட்டுவதாம்.
மற்றதெல்லாம் கதைப்பது.
நானும் சிரித்தேன்.
ஆனால் அந்த ஒரு மணி நேரம்
அவள் சொன்ன அர்த்தத்தில்தான் போயிருந்தது:
கட்டணம், கடன், உன்னை யார் கடல் தாண்டிப் போகச் சொன்னது.

வாளியில் பெயர் எழுத வேண்டும், இல்லையென்றால் காணாமல் போகும்.
மாத்தறைத் துலாஞ்சலி நகப்பூச்சை எடுத்து
சிங்களத்தில் வட்டம் வட்டமாய் எழுதிக் கொடுத்தாள்.
ஒரு வாரம் பெருமையாய்த் தூக்கித் திரிந்தேன்.
மாடிப்படியில் பெண்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.
எட்டாம் நாள் காவலாளி வாசித்துச் சொன்னார்:
பொம்பாய் லூனு.

தொட்டி காலியாகும் நாட்களில்
இரவு இரண்டரைக்குத்தான் கீழ்க் குழாயில் தண்ணீர் வரும்.
வரிசையில் என் வாளி முன்னால்,
நான் தூங்கினாலும் யாரோ நிரப்பி வைத்திருப்பார்கள்,
பாதியை யாரோ எடுத்தும் இருப்பார்கள்.

நேற்று அந்த வரிசையில் நின்று அம்மாவை அழைத்தேன்.
அவளுக்கும் அங்கே குழாயடி நேரம்தான்,
பின்னால் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது.
"சும்மா, கதைக்கலாம்னு" என்றேன்.
"என்ன கதை?"
வாளியைப் பற்றிச் சொன்னேன். பஸ், பை, நகப்பூச்சு எல்லாம்.
கடைசிவரை கேட்டுவிட்டு, "எவ்வளவு?" என்றாள்.
வகுத்து, இருநூற்று நாற்பத்து மூன்று என்றேன்.
"ஏமாந்துட்டே" என்றாள்.