உள் நாற்காலி

ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின்.
வெளி நாற்காலிக்காரன் வாசித்துக்கொண்டே போகலாம்.
உள் நாற்காலிக்காரன்
கடைசி வரி முடியுமுன் வில்லை எடுத்துத்
தாளைத் திருப்ப வேண்டும்.
அந்த இரண்டு பீட் அவனுக்கு இல்லை.

இருபத்திரண்டு வருடம்
நெகேமியா தேவசித்தம் வெளியே, நான் உள்ளே.
காலையில் வடபழனி, மதியத்துக்கு மேல் சாலிகிராமம்.
காதலர்கள் மழையில் ஓடுவதற்கும்
வில்லன் ஜீப்பை நிறுத்துவதற்கும்
நாற்பது பேரில் இருவராக இழுத்தோம்.
என்ன படம் என்று கேட்டதில்லை.
என் டப்பாவில் எலுமிச்சை சாதம்,
அவன் டப்பாவில் எப்போதும் மீன்.

அவன் அப்பா பெரம்பூர் லோகோவில் ஃபிட்டர்.
மூர் மார்க்கெட்டில் அறுபது ரூபாய்க்கு,
முதுகில் விரிசலோடு வாங்கிய வயலினுக்கு
ரயில் பெட்டி வார்னிஷையே பூசினாராம்.
"அதான் மேல் கம்பியில
கொஞ்சம் விசில் கேக்குது" என்பான்.
பதினோரு வயதில் வேப்பேரி சர்ச்சில் வாசித்தான்;
அன்று பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

இடது தாடைக்குக் கீழே
காசளவு கறுத்த தழும்பு.
பெண் பார்க்கப் போன வீட்டில்
படையா என்று கேட்டுவிட்டார்கள்.
பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.
ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணே,
பியூலா,
கல்லூரிக் கொயருக்கு வயலின் தேடி வந்தவள்,
தொட்டுப் பார்க்கலாமா என்றாள்.

ஒரு புதன்கிழமை
எங்களை நடத்துகிறவருக்கு மஞ்சள் காமாலை.
தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
நெகேமியா வயலினை நாற்காலியில் படுக்க வைத்தான்,
முன்னால் போய் நின்றான், கையில் பென்சில்.
நாலாவது டேக்கில் அவன் சொன்னது:
"கஜபதி, நீ லேட்."
லேட்தான்.
காலி நாற்காலிக்கும் சேர்த்து
தாள் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கண்டக்டராகிவிட்டான் என்றேன் வீட்டில்.
எந்த ரூட்டு என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு அவன் உட்காரவில்லை.
ஞாயிறுதோறும் புரசைவாக்கம் பள்ளிக்கூட ஹாலில்
ஒரு பல் டாக்டர், இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள்,
டிராஃபிக்கில் நிற்கும் ஒரு போலீஸ்காரர் (செல்லோ),
நாங்கள் மிச்சப் பேர்.
கத்துவான். ஸ்டாண்டை உதைப்பான்.
"சத்தம் போட எனக்கு வழி இல்ல,
உங்க கைலதான் போட்டாகணும், போடுங்கய்யா!"
பல் டாக்டர் ஒருமுறை அழுதுகொண்டே போனார்,
அடுத்த வாரம் வந்தார்.
யாருக்கும் சம்பளம் கிடையாது; டீ உண்டு.

எழும்பூர் மியூசியம் தியேட்டரில்
பதினோராம் வருடம் அது நடந்தது.
காது போன பிறகு ஒரு ஜெர்மன்காரர் எழுதியது,
அதில் மெதுவான பகுதி.
வலது கை எங்களை இழுத்துக்கொண்டிருக்க,
இடது கை விரல்கள்
இல்லாத கம்பியின் மேல் நடுங்கின.
எந்தக் கம்பி என்றுகூட எனக்குத் தெரிந்தது.

அவன் முன்னால் விரித்த தாள்
முதல் பக்கத்திலேயே இருந்தது.
இரண்டாம் நிமிடத்தில் கவனித்தேன்.
ஆறாம் நிமிடத்திலும் அதே பக்கம்.

மனப்பாடம், என்ன ஞாபகசக்தி என்று
மறுநாள் பேப்பரில் எழுதினார்கள்.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது வேறு:
இந்த மனுஷன் வாழ்க்கையில்
ஒரு தாளையும் தானாகத் திருப்பியதில்லை.

பத்தடி தள்ளி
என் ஸ்டாண்டில் நான் மட்டும்.
கடைசி வரி வருகிறது.
வில் தானாக எழுகிறது.
அவன் கண் என் கைக்கு வந்தது,
அந்த இரண்டு பீட்டும் அங்கேயே இருந்தது,
போனது.

கைதட்டல் ஓய்ந்து
திரைக்குப் பின்னால் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"கஜபதி," என்றான், நிமிராமல்,
"ரெண்டு இடத்துல லேட்."